ராலி கோ-டிரைவர் ஆக ஆசையா? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகமலைப் பக்கம் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால், கதவில் ஒட்டியிருக்கும் நம்பரைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நிற்பான். "அண்ணே, ரேஸ் ஓட்டுவீங்களா?" நான் ஓட்டுவதில்லை, ஓட்டுபவருக்கு இடது பக்கம் உட்காருபவன். வார நாளில் அடுத்தவர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், விடுமுறையில் அடுத்தவர் காருக்குக் கணக்கு எழுதுகிறேன். இதைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோ-டிரைவர் என்றால் வழி சொல்கிற ஆள்தானே? அதற்குத்தான் போன் இருக்கிறதே?

வழி சொல்வது வேலையில் கால்வாசி கூட இல்லை. ராலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று டி.எஸ்.டி. ராலி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்காக வைத்து, பொதுச் சாலையில், சொன்ன சராசரி வேகத்தில் போக வேண்டும். சீக்கிரம் போனாலும் தப்பு, தாமதமாகப் போனாலும் தப்பு. இன்னொன்று ஸ்டேஜ் ராலி. போக்குவரத்தை அடைத்த பாதையில் ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். முன்னதில் கோ-டிரைவர் கணக்கன். பின்னதில், டிரைவருக்கு இன்னும் தெரியாத அடுத்த வளைவை முன்கூட்டியே சொல்லும் குரல். இரண்டிலும் நேர அட்டை அவர் மடியில்தான் இருக்கும்.

என் அம்மாவுக்கு இதை ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "அப்ப நீ கண்டக்டரு" என்றார். மறுக்க முடியவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால் லாரி கிளீனர். மலைப் பாதையில் பாரம் ஏற்றிய லாரி திரும்பும்போது, "வரலாம், வரலாம், லெப்ட்ல ஒடி, போதும்" என்று கதவைத் தட்டிச் சொல்வாரே, அவர்தான் இந்தத் தொழிலுக்கு நம் ஊர் முன்னோடி.

என்னிடம் கார் இல்லை. ஓட்டவும் சுமாராகத்தான் வரும். பரவாயில்லையா?

கார் இல்லாதவனுக்கு மோட்டார் ஸ்போர்ட்டில் திறந்திருக்கும் ஒரே கதவு இதுதான் என்பது என் கருத்து. டிரைவராகத் தொடங்க வண்டி, டயர், மெக்கானிக், வண்டியை ஏற்றிப் போக இன்னொரு வண்டி எல்லாம் வேண்டும். உங்களுக்குத் தேவை ஒரு ஸ்டாப் வாட்ச், கால்குலேட்டர், பென்சில், பரீட்சை அட்டை. கூட்டல் கழித்தல் மனதில் ஓட வேண்டும். பதற்றத்திலும் குரல் ஏறக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில ராலிகளில் ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே கோ-டிரைவர் வண்டியை வாங்கி ஓட்ட வேண்டி வரும்.

எதில் தொடங்குவது?

டி.எஸ்.டி.யில்தான். ஒவ்வொரு வளைவையும் குறித்து வைத்த பேஸ் நோட்ஸ் படிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நேரே ஸ்டேஜ் ராலிக்குப் போக ஆசைப்படுபவர்கள்தான் அதிகம். முதலில் நேரத்தைக் கையில் பிடிக்கப் பழகுங்கள். வேகம் பிறகு வரும்.

ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். 3600-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்று வரும். 30-க்கு 120 வினாடி, 36-க்கு 100, 40-க்கு 90, 45-க்கு 80, 48-க்கு 75. இதைப் பள்ளி வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். நான் டூவீலர் டேங்க்கில் ஒட்டி வைத்துப் படித்தேன்.

உதாரணத்துக்கு, ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி 7.04-க்குக் கிளம்புகிறீர்கள். முதல் 4.2 கிலோமீட்டருக்கு வேகம் 36 என்று கொடுத்திருக்கிறார்கள். 420 வினாடி, அதாவது ஏழு நிமிடம். அடுத்த 3.5 கிலோமீட்டருக்கு 42. கிலோமீட்டருக்கு 85.7 வினாடி வீதம் 300 வினாடி, ஐந்து நிமிடம். கடைசிப் புள்ளியில் 7.16-க்கு இருக்க வேண்டும். இது சுலபம். ஆனால் நீங்கள் வந்த நேரத்தைக் குறிக்கும் கண்ட்ரோல் கடைசியில் இருக்கும் என்று யார் சொன்னது? புளியமரத்துக்குப் பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். 5.6-ஆவது கிலோமீட்டரில் இருந்தால், அங்கே உங்கள் நேரம் சரியாக 7.13. ஆகவே முடிவு நேரத்தை மட்டும் போட்டு வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 'இப்போது மணி என்னவாக இருக்க வேண்டும்' என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது நடுவில் ஓர் ஆட்டுக் கிடை குறுக்கே வருகிறது. ஆட்டுக்காரர் அவசரப்படமாட்டார், அவசரப்படவும் கூடாது. 40 வினாடி போய்விட்டது. 42-க்குப் பதில் 48-இல் போனால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். 3.5 கிலோமீட்டர் முழுவதும் 48-இல் போனாலும் மிச்சமாவது 37 வினாடிதான். இந்த விஷயம் மனதில் பதிந்தால், டிரைவரை "மிதிங்க, மிதிங்க" என்று விரட்டும் கெட்ட பழக்கம் வராது. இது பொதுச் சாலை, எதிரே கரும்பு டிராக்டர் வரும். டி.எஸ்.டி.யில் பறப்பவன் ஜெயிப்பதே இல்லை.

வழி காட்டக் கொடுக்கும் ரோடுபுக்கில் இருக்கும் உருண்டையும் அம்பும் என்ன?

அதற்கு டியூலிப் என்று பெயர். நெதர்லாந்தில் 1949 முதல் நடக்கும் டியூலிப் ராலியில் இருந்து வந்தது. உருண்டை நீங்கள் நிற்கும் இடம், அம்பு போக வேண்டிய திசை, மற்றக் கோடுகள் போகக் கூடாத சாலைகள். பக்கத்தில் தொடக்கத்தில் இருந்து எத்தனை கிலோமீட்டர், முந்தைய திருப்பத்தில் இருந்து எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு எண்கள் இருக்கும். படத்தில் சாலை வளைந்திருக்காது, சந்திப்பு மட்டும்தான். 'பிள்ளையார் கோவில் தாண்டி இடது' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று பிள்ளையார் இருப்பார். அந்த இடத்தில் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணை நம்ப, உங்கள் மீட்டரும் அமைப்பாளரின் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். மீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றுவதைத்தான். டயர் தேய்ந்திருந்தால், காற்று குறைந்திருந்தால் எண்ணிக்கை மாறும். அதனால் தொடக்கத்திலேயே அளந்து பார்க்க ஒரு தூரம் கொடுப்பார்கள். அவர்களுடைய 10 கிலோமீட்டருக்கு உங்கள் மீட்டர் 10.3 காட்டினால், ரோடுபுக்கில் 4.20 என்று இருக்கும் திருப்பம் உங்களுக்கு 4.33-இல் வரும். இதைச் செய்யாமல் கிளம்பியவர்கள் ஊருக்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிற்பதை எல்லா ராலியிலும் பார்க்கலாம். மைல் கல்லை வைத்து அளக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். சாலையை நேராக்கியபோது கல்லை நகர்த்தியிருப்பார்கள், நகர்த்தாமலும் விட்டிருப்பார்கள். வேண்டாம்.

வழிக் குறிப்புகளைப் பிரெய்லில் அச்சிட்டு, பார்வையற்றவர்கள் வழி சொல்ல, பார்வையுள்ளவர் ஓட்டும் ராலிகள் நம் நாட்டில் பல நகரங்களில் நடக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் அதில் டிரைவராக ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு வாரம் பயிற்சி எடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது. விரல் ஓடுகிறது, வாய் சொல்கிறது, நீங்கள் நம்பித் திருப்புகிறீர்கள். நல்ல ஸ்டேஜ் கோ-டிரைவரும் ஏறக்குறைய அப்படித்தான், கண் முழுக்கத் தாளில் இருக்கும்.

ஓடும் வண்டியில் படித்தால் எனக்கு வாந்தி வருமே?

எல்லோருக்கும் வரும். 1955-இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்தார். சுமார் 1,600 கிலோமீட்டர் பாதையை முன்கூட்டியே பார்த்து எழுதி, ஐந்து மீட்டருக்கும் நீளமான சுருளாக ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, உருட்டி உருட்டிப் படித்தார். இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் எல்லாமே கை சைகை. பத்து மணி ஏழு நிமிடத்தில் ஜெயித்தார்கள். நடுவில் ஜென்கின்சன் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபோது, காற்றில் மூக்குக்கண்ணாடி பறந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி வைத்திருந்தார். மாற்றுக் கண்ணாடி வைத்திருக்கும் புத்திதான் கோ-டிரைவர் புத்தி.

பழகினால் குறையும். காலையில் இட்லி இரண்டு, சட்னி இல்லாமல். பரோட்டா சால்னா ராலி முடிந்த பிறகு. இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கும், எனக்குக் கேட்கும். தூக்கம் வரும் மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். கண் சொக்கினால் ஒரு வளைவு போய்விடும். இன்னொன்று, தலையைக் குனிந்து மடியைப் பார்க்காமல், நோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் படியுங்கள். பாதிக் குமட்டல் கழுத்தில் இருக்கிறது.

பேஸ் நோட்ஸ் என்பது என்ன? யார் எழுதுவது?

டிரைவர் சொல்ல, கோ-டிரைவர் எழுதுவது. ராலிக்கு முன் அந்தப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள், பெரும்பாலும் இரண்டு முறை. முதல் முறை டிரைவர் ஒவ்வொரு வளைவையும் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவீர்கள். இரண்டாம் முறை நீங்கள் படிக்க, அவர் திருத்துவார். அதனால்தான் பேனா கூடாது, பென்சில்.

வளைவுக்கு எண் கொடுப்பார்கள். எங்கள் காரில் 1 என்றால் மிக இறுக்கம், 6 என்றால் கால் எடுக்காமல் போகலாம். சிலர் தலைகீழாக வைத்திருப்பார்கள். புது டிரைவருடன் உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு வரி இப்படிப் போகும்: "நூறு, ரைட் நாலு லாங், டைட்டன்ஸ், ஐம்பது, லெப்ட் ரெண்டு, டோன்ட் கட்." நூறு மீட்டர் நேர்ப் பாதை, பிறகு வலதுபுறம் நீளமான நாலு, அது போகப் போக இறுகும், ஐம்பது மீட்டர் கழித்து இடது ரெண்டு, உள்பக்கம் ஏறாதே, கல் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று ஓடும்.

எழுதுவது கஷ்டமில்லை. எப்போது சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நூறு மீட்டரை 3.6 வினாடியில் கடந்துவிடுவீர்கள். மேலே சொன்ன வரியைப் படிக்கவே நாலைந்து வினாடி ஆகும். ஆகவே வண்டி ஒரு வளைவில் இருக்கும்போதே உங்கள் வாய் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் போய்விட்டால் டிரைவர் மறந்துவிடுவார். நெல்லைத் தூற்றுகிறவர் காற்றுக்காகக் கையை நிறுத்தி நிறுத்திப் போடுவது மாதிரி, அவர் வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். சில டிரைவர் ஒரு வளைவு முன்னால் கேட்பார், சிலர் இரண்டு. மூச்சைக் கவனித்தால் தெரியும், ஹெல்மெட்டில் பேசிக்கொள்ளும் இன்டர்காமில் அது நன்றாகக் கேட்கும்.

மதுரையில் இருந்துகொண்டு இதை எங்கே பழகுவது?

பஸ்ஸில். கிண்டல் இல்லை. நான் பழகியது திண்டுக்கல் போய் அங்கிருந்து சிறுமலை பஸ் ஏறித்தான். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் முன் சீட், மடியில் ஒரு ஸ்பைரல் நோட்டு. முதல் நாள் ஏறும்போது எழுதினேன். இறங்கும்போது அதையே பின்னாலிருந்து எழுதினேன், ஏனென்றால் ஏறும்போது ரைட் மூன்றாக இருந்தது இறங்கும்போது லெப்ட் மூன்றாக மட்டும் இருப்பதில்லை, சரிவில் அது இரண்டாகிவிடுகிறது. இரண்டாவது வாரம் எழுதியதை வாய்க்குள் படித்துப் பார்த்தேன். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைச் சுற்ற ஆரம்பிக்கும் முன் என் வாய் வளைவைச் சொல்லி முடித்திருக்க வேண்டும், அதுதான் தேர்வு. ஏழாவது வளைவில் தோற்றேன். கண்டக்டர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ரோடு கான்ட்ராக்டா?" என்றார். பலாப்பழ மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மந்திரம் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மேகமலை, போடிமெட்டு, கொடைக்கானல் எல்லாமே நல்ல பள்ளிக்கூடம்தான். நண்பர் காரிலும் போகலாம், சாதாரண வேகத்தில் மட்டும். திறந்திருக்கும் மலைச் சாலையில் வேகம் காட்டிப் பழகுவேன் என்பவரோடு நான் உட்காரமாட்டேன். நீங்களும் இறங்கிவிடுங்கள்.

படிக்கும்போது இடம் தொலைந்துவிட்டால்?

உடனே "தொலைஞ்சிருச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை டிரைவரை மெதுவாக்கும். சொல்லாமல் ஊகித்துப் படிப்பதுதான் ஆபத்து. டிரைவர் கண்ணால் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் பாலம், ஸ்டேஜில் ஒரு பெரிய திருப்பம், மேடு மாதிரி தப்பாமல் தெரியும் ஓர் அடையாளத்துக்கு முன்னால் போய் நோட்டில் காத்திருந்து அங்கே ஏறிக்கொள்ள வேண்டும்.

எனக்கு நடந்தது இப்படி. மே மாத வெயில், கை வியர்வை, செம்மண் புழுதி, இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. "லெப்ட் ஆறு" என்றேன், அங்கே இருந்தது லெப்ட் மூணு. டிரைவர் கண்ணை நம்பி பிரேக்கில் ஏறியதால் ஒரு கள்ளிச்செடி வேலியோடு போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் கீழ் மூலையையும் மாற்றி மாற்றி மடித்து வைக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன், பக்கத்தின் கடைசியில் அடுத்த பக்கத்தின் முதல் வளைவைச் சின்னதாக எழுதிவிடுகிறேன். இடது கட்டை விரல் வரியோடு கூடவே நகரும். வளைவைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பு சொல்லும். சீட் கீழே பதிந்திருப்பதால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

டைம் கண்ட்ரோலில் சீக்கிரம் போய் நின்றால் நல்லதுதானே?

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் போனதற்கு ஒரு நிமிடம் கொடுத்தேன். ஸ்டேஜ் ராலியில், ஸ்டேஜுக்கு வெளியே இருக்கும் சாலைக்கும் நேரம் உண்டு. போன கண்ட்ரோலில் 10.57, கொடுத்த நேரம் 45 நிமிடம் என்றால், அடுத்ததில் 11.42. மஞ்சள் போர்டில் கண்ட்ரோல் பகுதி தொடங்கும், சிவப்பு போர்டில் மேஜை இருக்கும். உங்கள் நிமிடத்துக்கு முந்தைய நிமிடத்தில் வண்டி பகுதிக்குள் போகலாம், ஆனால் அட்டையை நீட்டுவது உங்கள் நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். உலக ராலி விதிப்படி ஒரு நிமிடம் தாமதமானால் 10 வினாடி தண்டனை. ஒரு நிமிடம் முந்தினால் 60 வினாடி. முந்துவதுதான் ஆறு மடங்கு பாவம்.

என் கைக்கடிகாரம் பதினைந்து வினாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அமைப்பாளரின் கடிகாரத்தோடு சரிபார்க்கவில்லை. 11.42 என்று நான் அட்டையை நீட்டினேன், நேரம் எழுதும் மார்ஷல் மேஜையில் 11.41 முடிய ஏழோ எட்டோ வினாடி பாக்கி. அவர் 11.41 என்று எழுதினார். அவர் மேல் தப்பே இல்லை. ஒன்பது வினாடிக்காக அன்று காலை முழுக்க உயிரைக் கொடுத்து ஓட்டியவர் என் டிரைவர். வண்டியைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இடத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என் கடிகாரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். இப்போது இரண்டு கடிகாரம் கட்டுகிறேன்.

அட்டையில் மார்ஷல் எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றாதீர்கள். 1-க்கும் 7-க்கும் சண்டை போட வேண்டிய இடம் அந்த மேஜை, சாயங்காலம் ரிசல்ட் ஒட்டும் இடம் அல்ல. "அண்ணே, ஒருதடவை பாத்துருங்க" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

லைசன்ஸ் வேண்டுமா?

தேசிய அளவில் போட்டி போட டிரைவர், கோ-டிரைவர் இருவருக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பின் போட்டி உரிமம் வேண்டும். விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றும் ரத்த வகையும் கேட்பார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஊர் கிளப்கள் நடத்தும் சின்ன டி.எஸ்.டி.க்கு என்ன வேண்டும் என்பது அந்தந்த ராலியின் விதித் தாளில் இருக்கும். அந்தத் தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பது யார் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர்கள் படிக்க மாட்டார்கள்.

மதுரையில் ஒன்றும் நடப்பதில்லையே?

பஸ் இருக்கிறது. கோயம்புத்தூர் ஐந்து மணி நேரம். கார் பந்தயம் என்றால் நம் மாநிலத்தில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அது. அங்கே நடக்கும் ராலி கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதைகளில் ஓடியிருக்கிறது. சென்னையில் 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தென்னிந்திய ராலியை நடத்துகிறது. தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988 முதல் நடக்கிறது, சிக்மகளூர், குடகு காப்பித் தோட்டங்களும் அதில் வரும். இந்தியாவில் கோ-டிரைவர் என்றால் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்றான மூசா ஷெரீப், பெரிய நகரத்துக்காரர் இல்லை, காசர்கோட்டுக்காரர்.

முதல் முறை போட்டியாளராகப் போகாதீர்கள், மார்ஷலாகப் போங்கள். அமைப்பாளர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். ஒரு நாள் முழுக்க கண்ட்ரோல் மேஜையில் உட்கார்ந்து அட்டை வாங்கி எழுதினால், எத்தனை கோ-டிரைவர்கள் என்னென்ன விதமாகச் சொதப்புகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். சாப்பாடும் கிடைக்கும், பெரும்பாலும் லெமன் சாதம்.

டிரைவர் எப்படிக் கிடைப்பார்?

அப்படி மார்ஷலாகப் போன இடத்தில்தான். யாரோ ஒருவருடைய கோ-டிரைவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வரும். முன்னரே பேசிக்கொள்ள வேண்டியது பணம்: நுழைவுக் கட்டணத்தில் உங்கள் பங்கு உண்டா, லாட்ஜ் யார் செலவு, வண்டி அடிபட்டால் என்ன. நட்புக்காக இதைப் பேசாமல் விட்டு நட்பே போனதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஆள் வேகமா என்று பார்க்காதீர்கள், திட்டும்போது எப்படி என்று பாருங்கள்.

அடிபட்டால்?

ஸ்டேஜ் ராலியில் ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ், தீப்பிடிக்காத சூட், ஆறு முனை பெல்ட் எல்லாம் விதி. செலவு இதில்தான். ஹெல்மெட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். உள்ளே நைலான் பனியன் வேண்டாம், தீயில் உருகித் தோலில் ஒட்டும்.

வண்டி கவிழ்ந்தாலோ நின்றாலோ முதல் வேலை உங்களுடையது. எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடி, குறைந்தது 50 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பின்னால் வருகிற காருக்கு பச்சை 'ஓகே' பலகை, ஆள் அடிபட்டிருந்தால் சிவப்பு 'எஸ்.ஓ.எஸ்.' பலகை. இது எங்கே சொருகியிருக்கிறது என்று இருட்டிலும் கை போக வேண்டும். வீட்டில் கண்ணை மூடி எடுத்துப் பழகியிருக்கிறேன்.

பெண்கள் வரலாமா? என் அண்ணன் சிரிக்கிறான்.

1981-இல் இத்தாலியின் சான் ரெமோவில் மிஷேல் மூட்டோன் ஓட்ட, ஃபப்ரீட்சியா போன்ஸ் நோட்ஸ் படிக்க, உலக ராலி ஒன்றை முதன்முறையாகப் பெண்கள் ஜெயித்தார்கள். அண்ணனுக்கு இது போதும் தங்கச்சி. நான் சொல்ல வருவது வேறு. தனியாக வெளியூர் போகும்போது எங்கே தங்குவது, யாரோடு பயணம் என்பதை அமைப்பாளரிடமே நேராகக் கேளுங்கள். ஒழுங்கான அமைப்பாளர் ஒழுங்காகப் பதில் சொல்வார்.

நோட்ஸைத் தமிழில் சொல்லலாமா?

நானும் ஆசைப்பட்டேன். இரண்டு ஞாயிறு முயற்சி செய்து விட்டுவிட்டோம். காரணம் ஆங்கில மோகம் இல்லை. கல் தெறிக்கும் சத்தத்தில் 'இடது'ம் 'வலது'ம் ஒரே மாதிரிக் கேட்கின்றன, முன்பாதி போய்விட்டால் மிச்சம் ஒன்றுதான். 'ஒண்ணு'ம் 'மூணு'ம் அதே கதை. 'லெப்ட்', 'ரைட்' இரண்டுக்கும் குழப்பமே வராது. 'நாலு', 'அஞ்சு', 'ஆறு', 'கல்லு', 'பள்ளம்' எல்லாம் எங்கள் காரில் தமிழில்தான் ஓடுகிறது. பாதிக்குப் பாதி.

ஆனால் ஒரு வார்த்தையில் கவனம் தேவை. நம் ஊரில் பஸ் கிளம்பினால் 'ரைட்', பேச்சு முடிந்தால் 'ரைட்', கடைக்காரர் மிச்சக் காசு கொடுத்தால் 'ரைட்'. பழகிய முதல் மாதம், டிரைவர் "பெல்ட் போட்டாச்சா?" என்றார், நான் "ரைட்டு" என்றேன். அவர் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டார். வாழைத் தோட்டம். தார் ஒன்றுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு வந்தோம்.